பவுன் விலை ஏறினால் கடனும் ஏற வேண்டுமா?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டியில் 8 விசைத்தறிகள் வைத்து, கரூர் ஏற்றுமதியாளர் ஒருவருக்குக் கூலிக்குத் துண்டு நெய்கிறேன். அமெரிக்க வரிக்குப் பிறகு, செலவு போக மாத வருமானம் 60,000-லிருந்து 42,000 ஆகிவிட்டது. நாடுகள் கதவடைக்கின்றன, உலக மக்கள்தொகையும் குறையப்போகிறது என்கிறார்கள். தொழில் நிலைக்குமா என்று பயமாக இருக்கிறது. மனைவியின் 20 பவுன் மீது 18 சதவீத வட்டிக்கு 9 லட்சம் நகைக்கடன் இருக்கிறது. 2025 அக்டோபரில் பவுன் 90,000 ஆனதால் இன்னும் 4 லட்சம் தருகிறார்கள். நூல் வியாபாரம் செய்யும் மைத்துனர் அதைக் கேட்கிறார். ஏஜென்ட் ஒருவர், இந்தியாவின் இளைஞர் பலத்தை நம்பும் ஃபண்டில் போடச் சொல்கிறார். என்ன செய்யலாம்? அடகுச் சீட்டுகளின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: இரண்டும் வேண்டாம்.

ஐ.நா.வின் 2024 கணிப்புப்படி உலக மக்கள்தொகை 2080-களின் நடுவில்தான் சுமார் 1,030 கோடி என்ற உச்சத்தைத் தொடும். உங்கள் நகைக்கடன் கெடுவோ வருகிற பங்குனியில். வரி தந்த அடி நிஜம்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியபோது, ஒரே ஆளை நம்பி எட்டுத் தறியையும் ஓட்டியவர்களுக்குத்தான் வலி அதிகம். இரண்டு மூன்று தறிகளையாவது ஈரோடு சந்தையில் போகும் உள்ளூர் ரகத்துக்கு மாற்றுங்கள்.

இனி நகைக்கு வருவோம். 2022-இல் ரஷ்யாவின் வெளிநாட்டுக் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கின. தங்கள் பணமும் அப்படி முடங்கலாம் என்ற அச்சமும் சேர, அந்த ஆண்டிலிருந்து 2024 வரை ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் மத்திய வங்கிகள் தங்கம் வாங்கிக் குவித்தன. பவுன் இவ்வளவு ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். தறியில் உங்களுக்கு நட்டம் தந்த அதே உலகப் பிளவு நகையில் லாபம் தந்திருக்கிறது. அந்த லாபத்தைத்தான் மறு அடகு வைக்கும்போதெல்லாம் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்.

சீட்டுகளைப் பார்த்தேன். 2021-இல் 3 லட்சம். 2023, 2024, 2025 என மூன்று முறை மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் 2 லட்சம் மேல்தொகை. மொத்தம் 6 லட்சம் வாங்கியதாக நினைக்கிறீர்கள். பழைய வட்டியாக அவர்கள் கழித்துக்கொண்டது 1.08, 0.90, 1.26, ஆக 3.24 லட்சம். கையில் வந்தது 2.76 லட்சம்தான், அதுவும் மைத்துனரிடம் போய்விட்டது. இப்போது 4 லட்சம் வாங்கினாலும் இந்த ஆண்டு வட்டி 1.62 லட்சம் போக 2.38 லட்சம்தான் மிஞ்சும். கடன் 13 லட்சமாகிவிடும். நகை மதிப்போ 18 லட்சம். தங்கம் இறங்கவே இறங்காது என்று யாராவது சொன்னால், 2013-ஐ நினைவூட்டுங்கள். அந்த ஒரே ஆண்டில் டாலர் கணக்கில் கால்வாசிக்கு மேல் சரிந்தது. அப்படி நடந்தால் நகை மதிப்பு 13.5 லட்சம், ஓராண்டு வட்டியோடு கடன் 15 லட்சத்துக்கு மேல். பிறகு ஏலம்தான்.

ஃபண்டைப் பற்றி ஒரே வரி: 18 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு அதற்குக் கீழே எது ஈட்டினாலும் நட்டம். இளைஞர் பலம் என்று விற்பவரிடம், தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறதே, இளைஞர்கள் குறையத்தானே செய்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றுவார்.

என் யோசனை கசப்பானது. பாதிக்கு மேல் நகையை விற்றுக் கடனை அடையுங்கள். சேதாரம் கழித்துப் பவுனுக்கு 85,000 கிடைத்தால், கடன் 9 லட்சமும் வட்டி 1.62 லட்சமும் சேர்ந்த 10.62 லட்சத்துக்கு 12, 13 பவுன் போகும். 7 பவுன் வீடு திரும்பும். அடகு நகையை மீட்டு வாங்கும் கடைகள் விலையை அடிப்பார்கள், மூன்று இடத்தில் கேளுங்கள். மூலதன ஆதாய வரியை ஆடிட்டரிடம் விசாரியுங்கள். மாதம் 13,500 வட்டி நின்றுவிட்டால், வரியால் இழந்த 18,000-இல் முக்கால் பங்கு ஈடாகிவிடும்.

மைத்துனருக்கு உதவித்தான் ஆக வேண்டுமென்றால், மிச்சமாகும் அந்த வட்டிப் பணத்திலிருந்து மாதம் ஏதாவது கொடுங்கள்; அடகுச் சீட்டைக் கொடுக்காதீர்கள். எதற்கும் முன்னால் இந்தக் கணக்கை மனைவியிடம் காட்டுங்கள். நகை அவருடையது, இவ்வளவு நீளக் கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.