கேள்வி பதில்: மயிரிழையில் தப்பியதை நொடியில் அளப்பது

கேள்வி: விபத்தே பதிவாகாத சாலைச் சந்திப்பில் ஆபத்தை எப்படி அளப்பது?

மோதாமல் தப்பியவற்றைப் பார்க்க வேண்டும். ஆள் செத்த பிறகுதான் கணக்கெடுப்போம் என்பது எனக்கு ஏற்புடையதில்லை. 1960களின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் பெர்கின்ஸும் ஹாரிஸும் பிரேக் விளக்கு எரிவதையும் வண்டி திடீரென ஒதுங்குவதையும் எண்ணினார்கள். எவ்வளவு நெருக்கத்தில் தப்பியது என்பதைச் சொல்ல நொடிக்கணக்கு பின்னால் வந்தது. 1972-ல் ஆய்வாளர் ஹேவர்ட் எழுதிய டி.டி.சி. (time to collision) அதில் முக்கியமானது: இருவரும் இப்போதைய வேகத்திலும் திசையிலும் போனால் மோத எத்தனை நொடி மிச்சம்?

கேள்வி: ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்களேன்.

முன்னால் பேருந்து மணிக்கு 36 கி.மீ., பின்னால் கார் 54. வித்தியாசம் 18, அதாவது நொடிக்கு 5 மீட்டர். இடைவெளி 10 மீட்டர் என்றால் டி.டி.சி. 2 நொடி. 1.5 நொடிக்குக் கீழே போனால் கடுமையானது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் பேருந்தும் 54-ல் போய், கார் 4 மீட்டரில் ஒட்டிக்கொண்டு வந்தால்? வேக வித்தியாசம் இல்லாததால் டி.டி.சி. கணக்கில் ஆபத்தே தெரியாது. பேருந்து பிரேக் போட்டால் காருக்கு இருப்பது கால் நொடிதான். அதனால் இடைவெளி நேரத்தையும், அதாவது அந்த இடைவெளியைப் பின்வண்டி கடக்க எடுக்கும் நொடியையும், சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: பி.இ.டி. (post-encroachment time) என்பது வேறா?

வேறு. முதலில் வந்தவர் ஓர் இடத்தை விட்டு விலகிய கணத்திலிருந்து, அடுத்தவர் அதே இடத்துக்கு வரும் வரை உள்ள நேரம். நொடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவில் 20 பிரேம் இடைவெளி என்றால் 0.8 நொடி. வேகம் தெரியாமலே எடுத்துவிடலாம்.

கேள்வி: எங்கள் ஊர் சந்திப்பு வீடியோவில் பி.இ.டி. ஒரு நொடிக்குக் கீழே வரும் பைக்குகள் ஏராளம். எல்லாமே கடுமையா?

இல்லை. தடம் பார்க்காமல் ஓடும் நம் போக்குவரத்தில் 15 கி.மீ. வேகத்தில் பைக்குகள் உரசினாற்போல் போவது அன்றாடம். அதே 0.8 நொடியில் ஒரு பாட்டி சாலையைக் கடக்க, பேருந்து 45-ல் வந்தால் கதையே வேறு. வேகம் மூன்று மடங்கானால் மோதும் ஆற்றல் ஒன்பது மடங்கு. சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தின் ஹூடேன் வகுத்த முறையில், தப்பிக்கத் தொடங்கிய கணத்தில் மிச்சமிருந்த நேரத்தோடு அப்போதைய வேகமும் பதிவாகும். நேரம் எவ்வளவு அருகில் வந்தது என்பதைச் சொல்லும். பட்டிருந்தால் என்ன ஆகும் என்பதை வேகம்தான் சொல்லும். பிற நாட்டில் வைத்த நொடி வரம்பை அப்படியே இங்கே ஒட்டவைக்காதீர்கள்.

கேள்வி: காலை நெரிசலில் மட்டும் வீடியோ எடுத்தால் போதுமா?

போதாது. இரவில் வண்டி குறைவு, வேகம் அதிகம். அதையும் எடுங்கள்.

கேள்வி: நகராட்சிக்கு என்ன கொடுக்கலாம்?

சராசரி வேண்டாம். ஒவ்வொரு சம்பவத்துக்கும் நேரம், வேகம், நடந்தவரா வண்டியா, எந்தத் திருப்பம் என்று எழுதி, கூடவே அந்த வீடியோத் துண்டையும் கொடுங்கள்.