காப்பகத்தில் தீ: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

இரவில் நாங்கள் இரண்டே பேர்தான். எழுந்து நடக்க முடியாதவர்கள் 20 பேர். தீப்பிடித்தால் எல்லோரையும் எப்படி வெளியே கொண்டுபோவது?

இரண்டு பேரால் முடியாது, அதற்கு முயலவும் வேண்டாம். தீப்பிடித்த அறையில் இருப்பவரை முதலில் வெளியே எடுத்து, அந்தக் கதவைச் சாத்துங்கள். அப்புறம் பக்கத்து அறைகள். அதே தளத்தில், தீத்தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். கட்டில் வாசலில் நுழையாவிட்டால் மெத்தையோடு தரையில் இழுக்கலாம். ஒத்திகையையும் அந்த இரண்டு பேரை மட்டும் வைத்தே நடத்துங்கள். பகலில் எட்டுப் பேர் சேர்ந்து செய்வது ஒத்திகையே அல்ல.

கதவுகள் மூடியிருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். 2004 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரோஸ்பார்க் முதியோர் இல்லத்தில் ஓர் அலமாரியில் பிடித்த தீயில் 14 பேர் இறந்தார்கள். திறந்து கிடந்த படுக்கையறைக் கதவுகள் வழியாகப் புகை அவர்களைத் தேடிப் போயிற்று.

எந்தத் தீயணைப்பான் வாங்கலாம் சார்?

விற்பவரிடம் இடத்தைக் காட்டிக் கேளுங்கள். அதைவிட முக்கியம் கதவு.

மறதி நோய் உள்ள என் அம்மா, மூடிய கதவைக் கண்டாலே பதறுகிறார்.

பாவம், பதறத்தான் செய்வார். காந்தப் பிடி பொருத்தச் சொல்லுங்கள். அது கதவைத் திறந்தபடி பிடித்திருக்கும். அலாரம் அடித்ததும் விட்டுவிடும், கதவு தானே சாத்திக்கொள்ளும்.

அதற்குப் பணம் இல்லை என்கிறது நிர்வாகம். கதவுக்கடியில் கட்டை வைத்தால் என்ன? அலாரம் அடித்ததும் ஓடிப்போய் எடுத்துவிட மாட்டோமா?

மாட்டீர்கள். நான் ஆய்வுக்குப் போன ஒரு காப்பகத்தில் ஒவ்வொரு கட்டையிலும் அறை எண்ணை எழுதி வைத்திருந்தார்கள். அத்தனை ஒழுங்கு! அலாரத்தை அடிக்கச் சொன்னேன். ஒரு கட்டையைக்கூட யாரும் எடுக்கவில்லை, எல்லோரும் படுக்கையில் இருந்தவர்களிடம்தான் ஓடினார்கள். மனிதர்கள் அப்படித்தான் ஓடுவார்கள், அது சரியும்கூட. அதனால்தான் கதவு தானாக மூட வேண்டும் என்கிறேன்.

தோலுக்குத் தடவும் களிம்பு தீப்பிடிக்குமா?

பாரஃபின் களிம்பு உடையிலும் விரிப்பிலும் ஊறினால் துணி வேகமாகப் பற்றிக்கொள்ளும். துவைத்தாலும் முழுக்கப் போகாது. களிம்பு தடவியவர் பக்கத்தில் பீடி, மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம்.

சமையலறைக்கு எந்தத் தீயணைப்பான்?

மறுபடியும் தீயணைப்பானா! எண்ணெய்த் தீக்கென்றே தனி வகை உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மனநலக் காப்பகம் நடத்துகிறோம். ஓடிவிடுவார்கள் என்று இரவில் பூட்டுகிறோம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் கருகி இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அலாரம் அடித்ததும் தானே திறக்கும் பூட்டைப் பொருத்துங்கள். அதுவரை இரவில் ஒருவர் வாசலிலேயே விழித்திருக்கட்டும், சாவி அவர் கையில் இருக்கட்டும்.