அந்த 5 மில்லி யார் சொன்ன கணக்கு?

கேள்வி: மகனுக்கு 4 வயது, 16 கிலோ. பிளட் கல்ச்சர் என்ற ரத்தச் சோதனையில் டைபாய்டு. டாக்டர் செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் சிரப் 8 மில்லி, இரண்டு வேளை எழுதினார். சூடு என்று பயந்து 5 மில்லிதான் கொடுக்கிறேன். பாட்டிலில் '5 மில்லிக்கு 50' என்றிருக்கிறது. நான்கு நாளாகியும் காய்ச்சல் விடவில்லை, வயிறும் இளகிப் போகிறது. மருந்துக்கு அடங்காத கிருமி என்று இணையத்தில் படித்தேன். மாத்திவிடலாமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: மாற்ற வேண்டாம். கொடுக்காத மருந்துக்குக் கிருமி எப்படி அடங்கும்?

டைபாய்டுக்கு செஃபிக்சிம், கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். உங்கள் பிள்ளைக்கு 320, வேளைக்கு 160. டாக்டர் எழுதிய 8 மில்லி, '5 மில்லிக்கு 100' மில்லிகிராம் பாட்டிலுக்கான அளவு. கடையில் பாதி வீரியத்தைக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் அதிலும் குறைத்தீர்கள். ஆக நாளுக்கு 100 மில்லிகிராம், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை அம்மா, இது எடைக்கணக்கு.

சீட்டையும் பாட்டிலையும் இன்றே அந்த டாக்டரிடம் காட்டுங்கள். 100 பாட்டிலே வாங்குங்கள். 14 நாளுக்கு 224 மில்லி, அதாவது 30 மில்லி பாட்டில் 8. இது பொடியாக வரும்; எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கரைத்து வைக்காதீர்கள். பொடியைத் தட்டி உதிர்த்து, கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, நன்றாகக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கியிருந்தால் கோடு வரை நிரப்புங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். வீட்டுக் கரண்டி வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

முழு அளவு கொடுத்தாலும் டைபாய்டு காய்ச்சல் மறுநாளே விடாது. 5 முதல் 7 நாள் ஆகும், உச்சம் தினம் கொஞ்சமாக இறங்கும். அப்போதும் இறங்காவிட்டால் ஊசி மருந்தை டாக்டர் யோசிப்பார். அதற்குள் விடால் என்ற டைபாய்டு ரத்த டெஸ்டைத் திரும்ப எடுப்பது வீண்செலவு.

வயிறு இளகுவது இந்த மருந்தில் சகஜம். ஓஆர்எஸ் கொடுங்கள். குழைந்த சோறும் ரசமும் தாராளமாகச் சாப்பிடலாம். பாட்டி சொன்னாலும் விளக்கெண்ணெய் கூடாது.

பயப்பட வேண்டியது வேறு. வயிறு உப்பிக் கல்லாக இறுகி, தொட்டாலே அழுதால், அல்லது கறுப்பாகவோ ரத்தமாகவோ வெளிக்குப் போனால், குடலில் ஓட்டையோ ரத்தக்கசிவோ இருக்கலாம். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் இது அதிகம். அந்த நேரம் காய்ச்சல் திடீரென விட்டு உடம்பு சில்லிடும்; குணமாகிவிட்டது என்று ஏமாறாதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வழியில் வாய்க்கு எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட.