சுரங்கம் கிடைத்துவிடும், சுத்திகரிப்பு ஆலை? முக்கியக் கனிமங்கள் குறித்துக் கேள்வி பதில்

லித்தியம், கோபால்ட், காலியம், அருமண் தனிமங்கள் போன்ற முக்கியக் கனிமங்களின் விநியோகத்தில் சீனாவுக்கு இருக்கும் பிடியைத் தளர்த்தப் பல அரசுகள் பணத்தை இறக்கி வருகின்றன. அந்தப் பணம் எங்கே போகிறது, பலன் தருகிறதா என்று கேட்டு வந்த கேள்விகள் கீழே. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

அருமண் தனிமங்கள் என்கிறார்களே, அவை சீனாவில் மட்டும்தான் கிடைக்கின்றனவா?

பெயரில்தான் அருமை. அவற்றுள் ஒன்றான சீரியம், பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய தாமிரத்தின் அளவுக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரேசில், வியட்நாம் என்று தாது உள்ள நாடுகளுக்குக் குறைவில்லை. உலக அளவில் தோண்டியெடுப்பதில் சீனாவின் பங்கு ஏறக்குறைய 70 சதவீதம். பிரித்துச் சுத்திகரிப்பதில் அதுவே 90 சதவீதத்தை ஒட்டிப் போகிறது. இந்தத் தனிமங்களைக் கொண்டு நிரந்தரக் காந்தங்கள் செய்வதிலும் அப்படித்தான். 70-க்கும் 90-க்கும் இடையிலுள்ள அந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். மற்ற நாடுகளில் தோண்டிய தாதுவும் சுத்திகரிப்புக்கு அங்கேதான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

பிரித்தெடுப்பதில் அப்படி என்ன சிரமம்? நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விரிவாகவே சொல்லலாம்.

உங்களுக்குச் சொல்வதென்றால் மகிழ்ச்சிதான். இந்தத் தனிமங்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. எல்லாம் +3 மின்னேற்றத்தோடு நிற்கும், அயனி ஆரத்தில் மயிரிழை வித்தியாசம்தான் இருக்கும். தாதுவை அமிலத்தில் கரைத்தால் அத்தனையும் ஒன்றாகவே கரைந்து வரும். பிறகு தொட்டி வேலை தொடங்குகிறது. கீழே அமிலக் கரைசல், மேலே மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கலந்த கரைப்பான். இரண்டையும் கலக்கிவிட்டுத் தெளியவிட்டால், ஒரு தனிமம் மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய்ப் பக்கம் ஏறும். அந்தக் 'கொஞ்சம்' போதாது என்பதால் அடுத்த தொட்டியில் மறுபடி, அதற்கடுத்ததில் மறுபடி. ஓர் ஆலையில் இப்படி நூற்றுக்கணக்கான தொட்டிகள் வரிசை கட்டி நிற்கும். நடுவில் ஒரு தொட்டியில் அமில அளவு பிசகினால் கடைசித் தொட்டியில் தூய்மை போய்விடும். சரியான நிலைக்குக் கொண்டுவரவே நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஆகும்.

புத்தகத்தில் படித்து வருகிற திறமை அல்ல இது. சீனா பல பத்தாண்டுகள் இதில் கை பழகியது. அந்தக் கைப்பழக்கத்தின் மதிப்பு தெரிந்துதான், 2023 டிசம்பரில் பிரித்தெடுப்புத் தொழில்நுட்பத்தை வெளிநாட்டுக்குக் கொடுப்பதற்கே தடை போட்டது.

அரசுகள் இதில் எப்போது விழித்துக்கொண்டன?

முதலில் விழித்தது ஜப்பான். 2010 செப்டம்பரில், ஜப்பானும் சீனாவும் உரிமை கோரும் செங்காகுத் தீவுகளுக்கு அருகே ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் படைக் கப்பல்களோடு மோதியது. படகின் தலைவரை ஜப்பான் பிடித்து வைத்தது. அடுத்த சில வாரங்களில் ஜப்பானுக்கு வரவேண்டிய அருமண் சரக்கு சீனத் துறைமுகங்களில் தேங்கி நின்றது. அப்போது ஜப்பான் தன் தேவையில் ஏறக்குறைய 90 சதவீதத்துக்குச் சீனாவை நம்பியிருந்தது.

அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் சேர்ந்து இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்ற சீனாவின் ஒதுக்கீட்டை எதிர்த்து 2012-இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு, 2014-இல் வென்றன. சீனா ஏற்றுமதி ஒதுக்கீட்டை நீக்கியது. வழக்கில் ஜெயித்துவிட்டோம் என்று பலர் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். ஜப்பான் படுக்கவில்லை. 2011-லேயே அதன் அரசு நிறுவனமான ஜோக்மெக், சோஜிட்ஸ் என்ற வணிக நிறுவனத்தோடு சேர்ந்து, ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்கு 25 கோடி டாலர் ஏற்பாடு செய்திருந்தது. மவுண்ட் வெல்டு சுரங்கத்தில் தாது, மலேசியாவின் குவாந்தானில் ஆலை. விலை விழுந்து லைனாஸ் தள்ளாடியபோது ஜப்பான் கடன் தவணையைத் தள்ளிப்போட்டு, வட்டியையும் தளர்த்தியது. என்னைக் கேட்டால், அந்த 25 கோடியைவிட இந்தப் பொறுமைதான் பெரிய உதவி. ஜப்பானின் சார்பு இப்போது 60 சதவீத அளவுக்கு இறங்கியிருக்கிறது.

அமெரிக்காவிடம் சொந்தச் சுரங்கம் இருந்ததே, அது ஏன் மூழ்கியது?

கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ். ஒரு காலத்தில் உலகுக்கே அருமண் கொடுத்த இடம். 2010-க்குப் பின் விலை உச்சத்துக்குப் போனபோது மாலிகார்ப் நிறுவனம் கடன் வாங்கி அங்கே பெரிய ஆலை கட்டியது. விலை சரிந்தது. 2015 ஜூனில் நிறுவனம் திவாலானது. 2017-இல் புதிய உரிமையாளர்கள் (இன்றைய எம்பி மெட்டீரியல்ஸ் நிறுவனம்) சுரங்கத்தை வாங்கினார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், அங்கே தோண்டிச் செறிவூட்டிய தாது கப்பலேறிச் சீனாவுக்குத்தான் போனது.

பங்குச் சந்தையில் இருப்பவன் கேட்கிறேன். 2025-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே எம்பி மெட்டீரியல்ஸில் பங்கு வாங்கியது. அது வெறும் விளம்பரமா?

விளம்பரம் இல்லை. ஆனால் எல்லோரும் பேசிய 40 கோடி டாலர் பங்கு முதலீட்டை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். ஒப்பந்தத்தின் உயிர் வேறொரு வரியில் இருக்கிறது: காந்தத்துக்கு வேண்டிய அருமண் தனிமங்களான நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்குப் பத்து ஆண்டுகளுக்குக் கிலோவுக்கு 110 டாலர் என்ற உத்தரவாத விலை. சந்தையில் 60 டாலர்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 50 டாலரை அரசு கொடுக்கும். விலை 110-ஐத் தாண்டினால் உபரியில் அரசுக்கும் பங்கு உண்டு. நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிப்பதைப் புரிந்துகொண்டவருக்கு இதுவும் புரியும்.

இந்தத் தொழிலில் ஆலை கட்டப் பணம் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. கட்டி முடித்த மறு ஆண்டு விலை பாதியாகிவிட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் பதில் இருந்ததில்லை. அருமண்ணுக்கு லண்டன் உலோகச் சந்தையில் விலைப் பலகை கிடையாது. சீன உள்நாட்டு விலையைப் பார்த்துத்தான் உலகமே பேரம் பேசுகிறது. அங்கே உற்பத்தி ஒதுக்கீட்டைக் கூட்டினால் இங்கே ஒரு நிறுவனம் படுத்துவிடும். அந்த நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நான் ஆள் இல்லை.

விலை உத்தரவாதம் இல்லாத வெறும் மானியத்தால் பயனே இல்லையா?

ஐடஹோ மாநிலத்து கோபால்ட் சுரங்கத்தின் கதையைக் கேளுங்கள். ஜெர்வாய் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் 2022 அக்டோபரில் திறப்பு விழா நடத்தியது. 2023 மார்ச்சில், உற்பத்தியைத் தொடங்கும் முன்பே வேலையை நிறுத்தியது. காங்கோவில் சீன நிறுவனங்கள் உற்பத்தியைக் கூட்டின. இந்தோனேசியாவில் நிக்கலோடு கோபால்ட்டும் துணைப்பொருளாக வந்து குவிந்தது. விலை தரை தட்டியது. அதே ஆண்டு பாதுகாப்புத் துறை ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்தது. எதற்கு? இன்னும் எவ்வளவு கோபால்ட் இருக்கிறது என்று துளையிட்டுப் பார்க்கவும், ஆலை அமைப்பதை ஆராயவும்! பூட்டிய கடைக்குச் சரக்குக் கணக்கு எடுத்த மாதிரி. 2025 ஜனவரியில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது.

'அந்நியச் செல்வாக்கு' உள்ள நிறுவனங்களை ஒதுக்குகிறார்களே, அந்தச் செல்வாக்கைச் சட்டத்தில் எப்படி அளக்கிறார்கள்?

பெரும்பாலும் பங்கு சதவீதத்தில். அமெரிக்காவின் மின்வாகன வரிச்சலுகையில், சீனா போன்ற நாடுகளின் அரசுக்கு 25 சதவீதமோ அதற்கு மேலோ பிடி உள்ள நிறுவனத்தின் கனிமம் பேட்டரியில் இருந்தால் சலுகை கிடையாது என்று விதித்தார்கள். அந்தச் சலுகையே 2025 செப்டம்பரோடு முடிந்தது தனிக்கதை. கனடா 2022 நவம்பரில் மூன்று சீன நிறுவனங்களை லித்தியம் நிறுவனங்களிலிருந்து வெளியேறச் சொன்னது. ஆஸ்திரேலியா 2024 ஜூனில், நார்தர்ன் மினரல்ஸ் பங்குகளை விற்றுவிடுமாறு ஐந்து முதலீட்டாளர்களுக்கு உத்தரவிட்டது.

பங்குப் பதிவேட்டை அளக்கலாம். பொருளை அளப்பதுதான் கடினம். 2022 செப்டம்பரில் எஃப்-35 போர் விமானங்களின் விநியோகம் சில வாரங்கள் நின்றது. விமானத்திலுள்ள ஒரு பம்பின் காந்தத்தில், சீனாவில் செய்த சமாரியம்-கோபால்ட் உலோகக் கலவை இருந்தது தெரியவந்ததுதான் காரணம். அத்தனை கெடுபிடிக்கு நடுவிலும், வழங்குநருக்கு வழங்குநர் என்று பல படிகள் கீழே இறங்கிய பிறகே அது கண்ணில் பட்டது. கடைசியில் விலக்கு அளித்து விமானங்களை வாங்கிக்கொண்டார்கள்.

காலியத்துக்குச் சுரங்கம் தோண்டினால் என்ன?

காலியத்துக்கென்று சுரங்கம் கிடையாது. பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும்போது கரைசலில் சிறிதளவு கிடைப்பது அது. ஆகவே பணம் போக வேண்டிய இடம் அலுமினா ஆலை.

மாசு விஷயத்தைப் பேசவே இல்லையே?

நியாயமான குறை. தாதுவோடு தோரியம் வருகிறது, எனவே கதிரியக்கக் கழிவும் உண்டு. குவாந்தானில் மக்கள் பல ஆண்டுகள் போராடியது இதனால்தான். சீனாவின் பாவ்டோவில் கழிவுக் குட்டையே ஏரிபோலக் கிடக்கிறது. மலிவு விலைக்குள் இந்தக் கணக்கும் ஒளிந்திருந்தது. கழிவை முறையாகக் கையாளும் ஆலைக்குச் செலவு கூடத்தான் செய்யும். அந்தக் கூடுதலைத் தருவதற்கு அரசுப் பணம் போனால் எனக்கு ஆட்சேபமில்லை.

எல்லாம் சரி, எத்தனை ஆண்டுகளில் பலன் தெரியும்?

ஜப்பானின் பணம் லைனாஸுக்குப் போனது 2011-இல். காந்தம் வெப்பத்தில் வலுவிழக்காமல் இருக்க டிஸ்புரோசியம் என்ற கன அருமண் வேண்டும். அதற்காக 2023-இல் ஜப்பான் இன்னும் 20 கோடி ஆஸ்திரேலிய டாலர் போட்டது. 2025 ஏப்ரலில் டிஸ்புரோசியம் உட்பட ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கட்டாயம் என்றது. அடுத்த மாதம், மே 2025-இல், குவாந்தான் ஆலையிலிருந்து முதல் டிஸ்புரோசியம் ஆக்சைடு வெளிவந்தது. பதினான்கு ஆண்டுகள்.