வேதம் சொன்னால் கேட்கணும்: சபையார் கேள்விகளுக்குப் பதில்

வேப்பேரியில் வெகுநாளாக வீட்டு வேதபாடம் நடத்தி வருகிறேன். சபையாகக் கூடி வேதத்தைக் கேட்டு, அதன்படி நடப்பது பற்றிச் சென்னைச் சபையார் சிலர் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அம்பத்தூர், கமிட்டி உறுப்பினர்: ஐயா, பிரசங்கம் நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. புதன்கிழமை கேட்டா எந்த வசனம்னே ஞாபகம் இல்ல. என்ன பண்றது?

எசேக்கியேல் தீர்க்கதரிசி காலத்திலேயே இந்தக் கஷ்டம் இருந்தது தம்பி. ஜனங்கள் அவர் பேச்சை இனிமையான பாட்டைப் போலக் கேட்டுவிட்டு, ஒன்றும் செய்யாமல் போனார்கள் (33:32). நம் வீட்டில் "பையன் சொன்னா கேட்கவே மாட்டேங்கிறான்" என்கிறோமே, அவனுக்குக் காது மந்தம் என்றா சொல்கிறோம்? கீழ்ப்படியவில்லை என்கிறோம். உபாகமம் 6:4-இல் "இஸ்ரவேலே, கேள்" என்று வரும் எபிரெயச் சொல்லுக்கும் இந்த இரண்டு அர்த்தமும் உண்டு.

நெகேமியா 8-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வேதபாரகர் எஸ்றா காலை முதல் மத்தியானம் வரை நியாயப்பிரமாணப் புத்தகத்தை வாசித்தார், ஆலயப் பணி செய்யும் லேவியர் அர்த்தம் சொன்னார்கள், ஜனங்கள் அழுதார்கள். நாம் அதோடு நிறுத்திவிடுகிறோம். மறுநாள் குடும்பத் தலைவர்கள் திரும்பவும் வந்தார்கள். கூடாரப் பண்டிகை பற்றிய கட்டளை கண்ணில் பட்டதும், ஊரே மலைக்குப் போய்க் கிளைகளை வெட்டிவந்து மொட்டைமாடியிலும் முற்றத்திலும் கூடாரம் போட்டது. உங்கள் சபையிலும் அந்த மறுநாள் வேண்டும். வாரநாளில் பத்துப் பேர் கூடி, ஞாயிறு வாசித்த அதே பகுதியைத் திரும்ப வாசியுங்கள். புதிதாக ஒன்றும் எடுக்க வேண்டாம்.

வேளச்சேரி, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை: பிள்ளைங்க எல்லாம் இங்கிலீஷ் மீடியம். தமிழ் வாசிக்கவே வராது, பழைய மொழிபெயர்ப்பும் புரியல, ஐயா.

வாசிக்க வராவிட்டால் என்னம்மா, கேட்க வருமே. வெளிப்படுத்தல் 1:3-இல் வாசிக்கிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் பலர். ஆதிச் சபையில் பெரும்பாலோர் காதால்தான் வேதத்தை அறிந்தார்கள். எங்கள் கூட்டத்தில் எழுத்தே தெரியாத ஒரு பாட்டி இருக்கிறார். எல்லாரும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, "அவன் தூரத்துல வரப்பவே அப்பன் பார்த்துட்டானே, அப்போ தினமும் வாசல்ல நின்னிருக்கான்" என்றார். கெட்ட குமாரன் கதையை எத்தனையோ தடவை நடத்தியும் எனக்குத் தோன்றாதது அது.

மொழி விஷயத்துக்கு, பழைய மொழிபெயர்ப்பை ஒரு தடவையும், 1995-இல் வந்த பொதுமொழிபெயர்ப்பை ஒரு தடவையும் வாசியுங்கள். ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1772-இல் இதே வேப்பேரியில்தான் அச்சானது. ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் அவர்கள் அத்தனை பாடுபட்டார்கள். பழைய நடையில் சொன்னால்தான் வேதம் என்று பிள்ளைகளை விரட்டிவிடாதீர்கள்.

பெரம்பூர், வாலிபர் ஐக்கியம்: ஆராதனையில வேதபாடம் வாசிக்கிறவங்க ரொம்ப வேகமா வாசிக்கிறாங்க அண்ணா.

சனிக்கிழமை இரவே வீட்டில் இரண்டு முறை சத்தமாக வாசித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கொளத்தூர், சகோதரி: "வசனத்தின்படி செஞ்சியா?"ன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டா போலீஸ் விசாரணை மாதிரி ஆகிடாதா?

ஆகும்மா, விரலை மற்றவர் பக்கம் நீட்டினால். எங்கள் வீட்டுக்கூட்டத்தில் யாக்கோபு 5:4 வாசித்தோம். வேலையாட்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்ற வசனம். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான். பிறகு ஒரு அக்கா மெதுவாக, "எங்க வீட்டுல வேலை செய்ற அம்மா காய்ச்சல்ல நாலு நாள் வரல. நாலு நாள் சம்பளத்தைப் பிடிச்சுட்டேன்" என்றார். யாரும் புத்தி சொல்லவில்லை. அடுத்ததாக ஒரு பெரியவர், "நம்ம கோயில் பெருக்குற அம்மாவுக்கு என்னிக்குச் சம்பளம் போகுது?" என்று கேட்டார். கையெழுத்துப் போட இரண்டு பேர் சேர வேண்டும் என்பதால், மாதாமாதம் பத்துத் தேதி தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தது. அத்தனை வருஷம் அதே கூடத்தில் வேதம் நடத்தியவன் நான். எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. கமிட்டியில் பேசி ஒன்றாம் தேதிக்கு மாற்றினோம். அக்காவும் அந்த நாலு நாள் பணத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் அவராகவே வந்து சொன்னார்.

தனியாக வாசித்திருந்தால் அந்த அக்கா தன் வீட்டோடு நின்றிருப்பார். கோயில் சம்பளம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

புழல், சிறு சபைப் போதகர்: எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம், ஐயா?

பிலேமோன், பாஸ்டர். 25 வசனம்தான். ஓடிப்போன ஒநேசிமு என்ற அடிமையைச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பிலேமோன் என்பவருக்குப் பவுல் எழுதிய கடிதம் அது. ஆனால் இரண்டாம் வசனத்தில் அவர் வீட்டில் கூடுகிற சபையையும் பவுல் சேர்த்துக்கொள்கிறார். பிலேமோன் என்ன செய்யப்போகிறார் என்று சபையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒருவர் நிதானமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள். முடிந்ததும் உடனே ஜெபத்துக்குப் போகாமல், "நம்ம சபையில ஒநேசிமு யாரு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.