ஜிடிபி ப்ராம்ப்டில் த்ரெட் எண்: ரன் கொடுக்கும் முன் வரும் பிழை

ஜிடிபி (GDB, புரோகிராமில் பிழை தேடும் டிபக்கர்) ப்ராம்ப்டில், அதாவது கட்டளைக்குக் காத்திருக்கும் வரியில், த்ரெட் எண்ணையும் ஃபங்ஷன் பெயரையும் பச்சை நிறத்தில் காட்ட பைத்தானில் ஒரு ஹூக் எழுதினேன்; திறந்ததுமே ட்ரேஸ்பேக் (பைத்தானின் பிழைச் செய்தி) கொட்டுகிறது, ரன் கொடுத்தபின் சரியாகிவிடுகிறது, ஆனால் நீளமான கட்டளை அடித்தால் எழுத்துகள் அதே வரியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் தனித்தனிக் கோளாறுகள்.

முதலாவது. ப்ராம்ப்ட் ஹூக் (ப்ராம்ப்டைக் கட்டித் தரும் உங்கள் ஃபங்ஷன்) ஒவ்வொரு ப்ராம்ப்டுக்கும் முன் ஓடும், புரோகிராம் இன்னும் தொடங்காதபோதும்கூட. அப்போது நடப்பு த்ரெட்டை (புரோகிராமுக்குள் ஓடும் இழையை) கேட்டால் None, அதாவது ‘எதுவும் இல்லை’ தான் வரும். அதில் எண்ணைத் தேடினால் பைத்தான் திட்டாமல் என்ன செய்யும்? நடப்பு ஃபிரேமை (இப்போது நிற்கும் ஃபங்ஷன் அழைப்பை) கேட்டாலோ நேரடியாகப் பிழையே எறியும். த்ரெட்டுக்கு ஒரு இஃப், ஃபிரேமுக்கு ஒரு ட்ரை போடுங்கள். சிம்பல் (பெயர்த் தகவல்) இல்லாத லைப்ரரிக்குள் நின்றால் ஃபங்ஷன் பெயரும் None ஆகலாம், அங்கே ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள்.

இரண்டாவது உங்கள் பச்சை நிறத்தால் வருவது. நிறக் குறியீடு திரையில் இடம் பிடிக்காது என்று ரீட்லைனுக்கு (நீங்கள் அடிக்கும் வரியைக் கையாளும் லைப்ரரிக்கு) தெரியாது, அதையும் எழுத்தாக எண்ணிவிடுகிறது. ஒவ்வொரு நிறக் குறியீட்டுக்கும் முன்னால் \001, பின்னால் \002 சேருங்கள். பேஷ் ஷெல்லின் ப்ராம்ப்டில் போடும் \[ \] சதுர அடைப்புக்குறி வித்தை ஹூக்கில் பலிக்காது. நானும் ஒரு சாயங்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன்.

இன்னொன்று: ஹூக்குக்கு வருவது நடப்பு ப்ராம்ப்ட். அதன் முன்னால் ஒட்டித் திருப்பினால் ஒவ்வொரு என்டருக்கும் வால் நீளும். புதிதாகவே கட்டித் திருப்புங்கள்.

நிபந்தனை எதுவும் இல்லாமல் த்ரெட்டும் ஃபிரேமும் மட்டும் போதுமென்றால், செட் எக்ஸ்டெண்டட்-ப்ராம்ப்ட் கட்டளையே போதும், ஸ்கிரிப்டே வேண்டாம்.