இன்டெல்ல ஓடுது, ராஸ்பெர்ரி பைல டிக் டிக்ன்னு சத்தம்

கேள்வி: இன்டெல் லேப்டாப்ல நான் சி++ல எழுதின டிரம் சாம்ப்ளர் அருமையா ஓடுது சார். ராஸ்பெர்ரி பை 4ங்கற சின்ன கம்ப்யூட்டருக்கு மாத்தறப்போ எஸ்எஸ்இ (பல எண்ண ஒரே நேரத்துல கணக்கு போடற இன்டெல் இன்ஸ்ட்ரக்‌ஷன்) கோடுக்கு, அத பைல இருக்கற ஆர்ம் சிப்போட நியானுக்கு மாத்தித் தர்ற எஸ்எஸ்இ2நியான் ஹெடர் போட்டேன், கம்பைல் ஆயிடுச்சு. ஆனா எப்பவாவது டிக்ன்னு ஒரு சத்தம் வருது, சிபியுல லோடே இல்ல. பழைய 8 பிட் சாம்பிள் எல்லாம் ஒரே கரகரப்பு. பஃபர் சைஸ ஏத்தியும் போகல. என்ன பண்றது?
- வாசகர், ஈரோடு

பதில்: ஹெடர் விஷயத்துல நீங்க செஞ்சது சரிதான் தம்பி, எஸ்எஸ்இ, நியான் ரெண்டுமே 128 பிட், ஒரே நேரத்துல நாலு ஃப்ளோட், அதனால அங்க பெருசா பிரச்சினை வராது.

டிக் சத்தத்துக்கு உங்க ரிங் பஃபரைத்தான் முதல்ல பார்ப்பேன், அதாவது ரெண்டு த்ரெட்டுக்கு (ஒரே புரோகிராம்ல ஒண்ணா ஓடற வேலைகளுக்கு) நடுவுல சாம்பிள் கைமாறற, சுத்திச் சுத்தி நிரம்பற மெமரி. ஒரு த்ரெட் சாம்பிள எழுதிட்டு அப்புறமா ரைட் இண்டெக்ஸ (எதுவரைக்கும் எழுதியாச்சுங்கற எண்ண) ஏத்துது, ஆடியோ த்ரெட் அந்த இண்டெக்ஸ நம்பி படிக்குது, இல்லையா? இன்டெல்ல ஒரு கோர் எழுதினது மத்த கோருக்கு அதே வரிசையில தெரியும். ஆர்ம்ல அந்த கேரண்டி கிடையாது, இண்டெக்ஸ் முதல்ல தெரிஞ்சு சாம்பிள் பின்னாடி வரலாம், அப்போ ஆடியோ த்ரெட் பழைய டேட்டாவ எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பிடும், அதுதான் அந்த டிக். பஃபர் சைஸ எவ்ளோ ஏத்தினாலும் இது போகாது. சி++ல வோலட்டைல்ங்கற வார்த்தைய அந்த இண்டெக்ஸுக்கு போட்டாலும் போகாது, நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கிறாங்க. இண்டெக்ஸ அட்டாமிக் (த்ரெட்டுங்க பத்திரமா பகிர்ந்துக்கற டைப்) ஆக்குங்க, எழுதறப்போ ரிலீஸ், படிக்கறப்போ அக்வயர்ன்னு வரிசைய காப்பாத்தற ஆப்ஷன் போடுங்க. ரீட் இண்டெக்ஸுக்கும் (எதுவரைக்கும் படிச்சாச்சுங்கற எண்ணுக்கும்) அதே மாதிரி, அத மறந்துட்டா இன்னும் படிக்காத இடத்துல புது சாம்பிள் வந்து விழும்.

கரகரப்பு வேற கதை. லினக்ஸ்ல வெறும் சார் (char) டைப் இன்டெல்ல சைன்ட் (மைனஸ் எண்ணும் வரும்), ஆர்ம்ல அன்சைன்ட் (மைனஸ் வராது). உங்க சாம்பிள்ல மைனஸ் 1ன்னு இருக்கறது 255 ஆயிடும், பாதி வேவ்ஃபார்ம் மேல தூக்கிக்கும். சாருக்கு பதிலா எப்பவும் சைன்ட்டா இருக்கற இன்ட்8_டி (int8_t) போடுங்க, முடிஞ்சுது.

த்ரெட் தப்ப கண்டுபிடிக்க ராஸ்பெர்ரி பை முன்னாடி உக்காந்து காது கொடுத்து கேக்கவே வேணாம். இன்டெல் லேப்டாப்லயே த்ரெட்சானிடைசர்ங்கற கம்பைலர் சோதனை ஆப்ஷன் போட்டு பில்ட் பண்ணி ஓட்டுங்க, சத்தம் நல்லா வந்தாலும் எந்த லைன்ல ரெண்டு த்ரெட் மோதுதுன்னு காட்டிடும். இன்டெல்ல ரிலீஸ் ஸ்டோர் சாதாரண மூவ் இன்ஸ்ட்ரக்‌ஷனாத்தான் வரும், அதனால ரெண்டு மெஷினுக்கும் ஒரே கோட வச்சுக்கலாம், இஃப்டெஃப் (#ifdef) போட்டு மெஷினுக்கு ஒரு கோடா பிரிக்காதீங்க.